பத்து காஜா கெல்லி மாளிகை: போகலாமா, எதைப் பார்க்கலாம்?

#1 மதுரைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வேலை விஷயமாக மலேசியாவில் ஈப்போ நகருக்கு வருகிறேன். நடுவில் ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடைக்கும். கெல்லிஸ் காசல் என்று பாதியில் நின்றுபோன ஒரு துரை பங்களாவைப் பற்றி யூடியூபில் ஏகப்பட்ட வீடியோக்கள் வருகின்றன. பேய், சுரங்கம், ரகசிய அறை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு வீடியோவில் ஒருவர் டார்ச் லைட்டைத் தரையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

இந்த இடத்தின் உண்மைக் கதை என்ன? ராத்திரி உள்ளே விடுவார்களா? பக்கத்தில் இதுபோல் கைவிடப்பட்ட பழைய வீடுகள் வேறு ஏதாவது இருக்கிறதா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஈப்போ வெள்ளைக்காப்பி

வாங்க சகோ. முதலில் ஒன்று, அது இப்போது கைவிடப்பட்ட வீடு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போகும் சுற்றுலா இடம். காட்டுச் செடி மூடிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது, அது எங்கள் அப்பா காலம். இப்போது புல் வெட்டி, படிகளுக்குக் கைப்பிடி வைத்து, கடைகள் போட்டுவிட்டார்கள். மாலையில் பூட்டிவிடுவார்கள். ராத்திரி ஆசையை விட்டுவிடுங்கள்.

சுருக்கமான கதை இது. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், 1870-இல் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்பவரின் நில அளவைக் கம்பெனியில் சேர்ந்து, பேராக் மாநிலத்தில் காடு அழிக்கும் குத்தகையில் காசு பார்த்தார். அந்தக் காசில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் 1000 ஏக்கர் காட்டை வாங்கிப் பால்மரம், அதாவது ரப்பர், நட்டார். ஈயத்திலும் கை வைத்தார். தன் ஊர்ப் பெயரான கெல்லாஸ் என்பதைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். 1909-இல் ஒரு பங்களா கட்டினார். 1915-இல் மகன் பிறந்த சமயத்தில் அதை ஒட்டியே பெரிய மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், மலாயாவின் முதல் லிப்ட், உள்ளேயே டென்னிஸ் மைதானம் என்று திட்டம். 1926 டிசம்பரில் போர்த்துகலில், லிஸ்பன் நகரில் நிமோனியா வந்து இறந்துபோனார். மனைவி ஆக்னஸ் எல்லாவற்றையும் ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். வீடு அப்படியே நின்றுவிட்டது.

ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. காலையில் நன்றாகப் பசியாறிவிட்டுப் போங்கள், வெயிலுக்கு முன்னால் மாடியேறி இறங்கிவிடலாம்.

#3 இரவுக்குருவி

வெள்ளைக்காப்பி சுற்றுலாத் துறை மாதிரி பேசுகிறார், சுவாரசியமான பகுதியை விட்டுவிட்டார். இரண்டாம் மாடி நடைவழியில் ஸ்மித் ராத்திரி உலாவுவார் என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். மகள் ஹெலனின் அறையில் வெள்ளைக் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண் நிற்கும். சுருள்முடி. என் நண்பனின் கேமரா அந்த அறையில் மட்டும் வேலை செய்யவில்லை. சுரங்கம் ஒன்று கோயில்வரை போகிறது. இன்னொரு சுரங்கத்துக்குள் ஸ்மித்தின் பழைய கார் இன்னும் கிடக்கிறது என்கிறார்கள். தங்கமும் இருக்கலாம்.

#4 பால்மரக்காடு

இரவுக்குருவி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெலன் பிறந்தது 1904. அப்பா இறந்தபோது அவருக்கு 22 வயது. அதற்குப் பிறகு அம்மா குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போய்விட்டார். சுருள்முடிச் சின்னப் பெண்ணாக அவர் அந்த அறையில் நிற்பதற்கு எந்த வழியும் இல்லை. வீடே கட்டி முடியவில்லை, 1915-இல் வேலை தொடங்கியபோதே அவருக்கு 11 வயது. ஸ்மித் செத்தது லிஸ்பனில். அங்கே செத்தவர் கடல் தாண்டி வந்து பத்து காஜாவில் நடைபழக வேண்டுமா?

அந்த இடத்தில் சாவே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது. ஆனால் மாளிகைக்குள் இல்லை, லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளில்.

கட்டட வேலைக்காக மதராஸ் பக்கத்திலிருந்து 70 கைவினைஞர்களை ஸ்மித் வரவழைத்தார் என்று சொல்வார்கள். செங்கல், ஓடு, பளிங்கு எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. தோட்டத்தில் பால்வெட்டு, காடு வெட்டு வேலைக்கு ஏற்கெனவே தமிழர்கள் இருந்தார்கள். 1918 கடைசியில் அந்த விஷக் காய்ச்சல் மலாயாவுக்கு வந்தது, இன்று ஸ்பானிஷ் ப்ளூ என்கிறோம். ஒரே வரிசையில் சுவரோடு சுவராக ஒட்டிய சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ். இருமல் ஓர் அறையில் தொடங்கினால் வரிசை முழுக்கப் போகும். காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கினால் மருந்து கிடையாது, பென்சிலினே பிற்பாடு வந்ததுதான். இந்தக் காய்ச்சல் மற்ற காய்ச்சல் மாதிரி கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டும் கொண்டுபோகவில்லை. இருபது, முப்பது வயது உழைப்பாளிகளைத்தான் அதிகம் கொன்றது. தோட்டம் என்றாலே அந்த வயது ஆட்கள்தானே. ஏற்கெனவே மலேரியாவில் ரத்தம் சுண்டிப்போன உடம்பு வேறு.

வேலையாட்கள் பலர் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் துரையிடம் போய், மாரியம்மனுக்குக் கோயில் கட்டினால்தான் இது அடங்கும் என்று கேட்டார்கள். அவர் கட்டிக் கொடுத்தார். மாளிகையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோயிலின் மேல் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஓர் ஆள் நிற்பார், அவர்தான் ஸ்மித்.

வீடியோ எடுப்பவர்கள் இந்தக் கோயிலுக்குப் போவதே இல்லை. போனாலும் சிலையைக் காட்டிச் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். செத்தவர்கள் முனுசாமியும் காத்தாயியும் என்றால் பேய்க்கதைக்கு எடுபடாது போல. வெள்ளைக் கவுன் வேண்டும்.

#5 சுண்ணாம்பு

நான் காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். கெல்லி மாளிகையைப் பார்த்திருக்கிறேன். பேய் பற்றி எனக்குக் கருத்து இல்லை, சுவர் பற்றி இருக்கிறது.

வாசலில் நின்று வளைவுகளைப் பாருங்கள். குதிரை லாடம் போல அடியில் குறுகி வரும் வளைவுகள் ஒருபக்கம், ஐரோப்பியக் கோட்டை மாதிரி சதுரக் கோபுரம் ஒருபக்கம். மதராஸில் உயர் நீதிமன்றத்தையும் எழும்பூர் ஸ்டேஷனையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்த இந்தோ சாரசனிக் பாணி வங்காள விரிகுடாவைத் தாண்டி மலாயாவுக்கும் வந்தது. கோலாலம்பூர் ரயில் நிலையம் 1910, ஈப்போ ரயில் நிலையம் 1917, இரண்டும் ஹபக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தவை. ஸ்மித் மாளிகைக்கு அஸ்திவாரம் போட்ட அதே வருடங்களில்தான் அரை மணி தூரத்தில் ஈப்போ ஸ்டேஷன் எழும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் ஈப்போவில் தங்குவதால் முதலில் ஸ்டேஷனைப் பாருங்கள். முடிந்த வேலைக்கும் முடியாத வேலைக்கும் வித்தியாசம் கண்ணில் படும்.

பூச்சு இல்லாத இடங்களில் செங்கல் வரிசை அப்படியே தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் விருந்து. பூசி முடித்த வீட்டில் கொத்தனாரின் கை தெரியாது, இங்கே தெரியும். வளைவில் செங்கல்லை எப்படிச் சீவி ஆப்பு மாதிரி இறக்கியிருக்கிறான், எங்கே அவசரப்பட்டிருக்கிறான், எங்கே வேறு ஓர் ஆள் வந்து தொடர்ந்திருக்கிறான் என்று நின்று படிக்கலாம். லிப்டுக்கு விட்ட குழி காலியாகக் கிடக்கிறது. அதை எட்டிப் பார்ப்பதாக இருந்தால் கையில் போன் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

பின்பக்கம் 1909 பங்களாவின் மிச்சம் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. உண்மையில் அந்தக் குடும்பம் குடியிருந்த வீடு அதுதான்.

#6 மதுரைக்காரன்

அருமை. நான் கேட்டது பேய், கிடைத்தது பாடம். சந்தோஷம்தான். அப்படியானால் இந்த ஸ்மித் நல்ல மனிதர்தானே? வேலைக்காரர்கள் கேட்டதும் கோயில் கட்டிக் கொடுத்திருக்கிறார், அவர்களும் சிலை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பீட்டர் பாண்டியன் கதை உண்டு. ரவுஸ் பீட்டர் என்று 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டராக இருந்தவர், மீனாட்சிக்குக் கல் பதித்த தங்க அங்கவடி (குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம்) கொடுத்தார். இன்றும் ஊரில் அவர் பெயரைச் சொல்வார்கள். அதுபோலவா?

#7 ஈப்போ வெள்ளைக்காப்பி

அதேதான். எங்கள் பக்கம் பெரியவர்கள் அவரைப் பற்றித் தப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. இந்து மதத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது என்றும் சொல்வார்கள். எத்தனை தோட்டத்துத் துரைகளுக்குத் தொழிலாளிகள் சிலை வைத்தார்கள், சொல்லுங்கள்? பயத்தில் வைத்த சிலை இத்தனை வருடம் நிற்காது. தோட்டம் கைமாறிய பிறகும் வண்ணம் அடித்துப் பாதுகாத்திருக்கிறார்கள்.

#8 பால்மரக்காடு

இங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

மலாயாவில் சஞ்சிக்கூலி முறை, அதாவது ஒப்பந்தக் கூலி முறை, 1910-இல் ஒழிந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் பெரும்பாலும் கங்காணி என்ற ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர் மூலம் வந்தவர்கள். கங்காணி தன் ஊருக்குப் போய், தன் சாதிக்காரர்களையும் சொந்தக்காரர்களையும் கூட்டிவருவார். ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு. நாகப்பட்டினத்திலோ மதராஸிலோ கப்பல் ஏறி, பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்து, அப்புறம்தான் தோட்டம். சட்டப்படி அந்த ஆள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். துரைமாருக்கு இருந்த பெரிய தலைவலி அதுதான். ஆள் போய்விட்டால் பால் வெட்ட ஆள் இல்லை. சாவு விழும் தோட்டம் என்று பெயர் கெட்டுவிட்டால் கங்காணி எவ்வளவு கூவினாலும் ஊரிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள்.

ஆகவே கோயில் கட்டிக் கொடுப்பது அந்தக் காலத் துரைமார் பலர் செய்ததுதான். ஏறக்குறைய ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் இருப்பாள். கோயில் இருந்தால், வருஷத்துக்கு ஒரு திருவிழா இருந்தால், ஆள் நிற்பான். கள்ளுக்கடையும் அதே கணக்குத்தான். காய்ச்சலில் ஆட்கள் பயந்து கலையும் நேரத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொத்தனாரும் கையிலேயே இருக்கும் ஒரு முதலாளிக்கு, கோயில் கட்டுவது மலிவான வைத்தியம்.

ஸ்மித் கொடுங்கோலர் என்று நான் சொல்லவில்லை. அவர் மோசமானவர் என்பதற்கு எந்த ஆதாரமும் நான் பார்க்கவில்லை. ஆனால் ஆறு மாடியும் லிப்டும் கனவு காணும் பணம் எந்த லயத்திலிருந்து வந்தது என்று கேட்காமல் 'நல்ல துரை' என்று முடித்துவிடுவது எனக்கு இடிக்கிறது. பீட்டர் பாண்டியன் உவமையும் சரியாக வரவில்லை, சகோ. பீட்டர் கலெக்டர், மீனாட்சி அவருடைய கூலிக்காரி இல்லை.

#9 தண்டல் பேரன்

இருவர் சொல்வதிலும் பாதி இருக்கிறது. என் தாத்தா வேறு தோட்டத்தில் தண்டலாக, அதாவது கூலிகளை மேற்பார்க்கும் ஆளாக, இருந்தவர், அதனால் இந்தச் சிலை விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

கோயிலில் வெள்ளைக்கார உருவம் வைப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிது இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே காவல் தெய்வத்தின் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த சிப்பாய், தொப்பி போட்ட துரை, போலீஸ்காரர் எல்லாம் சுதையில் நிற்பார்கள். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரைச் சாமிக்குக் காவலாக நிறுத்திவிடுவது ஒரு பழக்கம். அது நன்றியாகவும் இருக்கலாம். 'நீயும் அம்மனுக்குக் கீழேதான்' என்று சொல்வதாகவும் இருக்கலாம். சிலை வைத்தவனிடம் கேட்டால் இரண்டும்தான் என்பான்.

அண்ணன் வெள்ளைக்காப்பி சொல்வதுபோல, வண்ணம் அடித்துக் காப்பாற்றியது உண்மை. ஆனால் கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைப் புதுப்பிக்கும்போது எல்லாச் சிலைக்கும்தான் வண்ணம் அடிப்பார்கள். துரைக்கு மட்டும் விட்டுவிடுவார்களா என்ன?

#10 இரவுக்குருவி

சரி, பேயை விடுகிறேன். சுரங்கத்தை விடமாட்டேன். கோயிலுக்குச் சுரங்கம் இருக்கிறது என்று வழிகாட்டிகளே சொல்கிறார்கள்.

#11 சுண்ணாம்பு

வழிகாட்டி சொன்னால் டிக்கெட்டுக்குச் சேர்த்துத்தான் சொல்வார்.

வீட்டுக்கு அடியில் நிலவறை இருப்பது நிஜம், பார்க்கலாம். ஒயின் வைக்கும் அறை என்கிறார்கள். சுவருக்குள் மறைவான சிறு படிகள் இருப்பதும் நிஜம். அந்தக் காலப் பணக்கார வீடுகளில் வேலைக்காரர்கள் எஜமானர் கண்ணில் படாமல் மேலே, கீழே போய்வர இப்படி வழி வைப்பது சாதாரணம். ஆனால் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கு அடியில் கோயில்வரை தோண்டுவது வேறு வேலை. கிந்தா பள்ளத்தாக்கு என்பது ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். அதில்தான் ஈயம் கிடைத்தது. ஒரு ஆள் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஈயலம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், பம்பு வைத்து இறைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள், விட்ட பிறகு அவை எல்லாம் குளங்களாகிவிட்டன. பத்து காஜா சுற்று முழுக்க அந்தக் குளங்களைப் பார்ப்பீர்கள். அந்த மண்ணில் அவ்வளவு நீளச் சுரங்கத்துக்குச் செங்கல் வளைவு போட்டு, நூறு வருடம் தண்ணீர் புகாமல் வைத்திருக்க வேண்டும். மேல்மாடியையே முடிக்காத மனிதர் அதை முடித்திருப்பாரா?

தப்பிச் செல்ல ஒரு குட்டிச் சுரங்கம், ஆற்றுப் பக்கம் இறங்குவதற்கு, இருந்திருக்கலாம். அதுவரை ஒப்புக்கொள்கிறேன். கார் எல்லாம் கிடையாது.

ஈயத்தில் ஆர்வம் இருந்தால் தஞ்சோங் துவாலாங் பக்கம் ஈயம் வாரும் பெரிய கப்பல் ஒன்றை அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1938-இல் கட்டியது, மாடிக்கட்டடம் மிதக்கிற மாதிரி இருக்கும். பத்து காஜாவிலிருந்து பக்கம்தான். ஸ்மித்தின் ஈயக் கம்பெனியுடையது இல்லை, ஆனால் அந்தத் தொழிலின் அளவு புரியும்.

#12 இரவுக்குருவி

சுண்ணாம்பு அண்ணா எல்லாவற்றையும் பூசி மூடிவிடுகிறார். அப்படியானால் நிஜமாகவே கைவிடப்பட்ட வீட்டைச் சொல்கிறேன். நிபோங் திபால், 99 கதவு மாளிகை. அங்கே நடந்தது கொலை. டிக்கெட்டும் இல்லை, காவலாளியும் இல்லை. நடுநிசியில் போகலாம். யாராவது வருகிறீர்களா?

#13 மட்டுறுத்துநர்

இரவுக்குருவி, இங்கே ராத்திரிப் படையெடுப்புக்கு ஆள் சேர்க்க வேண்டாம். அது தனியார் தோட்டத்து நிலம், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். உளுத்த மரத்தளம் வேறு. வழி, வரைபடம் எதையும் இங்கே போடாதீர்கள். வரலாறு பேசலாம்.

#14 நிபோங் வாசி

மட்டுறுத்துநர் சொன்னது சரி. வரலாறு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதையும் பேய்க்கதையாக்கிவிட்டார்கள்.

அது கலிடோனியா தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாக இருந்து பிறகு ரப்பருக்கு மாறியது. ராம்ஸ்டன் குடும்பத்தின் வீடு. பினாங்குக்கு எதிர்க்கரையில், அன்றைய புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் சஞ்சிக்கூலிகளாகத் தமிழர்கள் பெரிய அளவில் முதலில் வந்து இறங்கினார்கள். பால்மரம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எங்கள் வட்டாரத்தில் தமிழ் எலும்பு புதைந்திருக்கிறது. வெட்டிய கரும்பைச் சக்கை பிழிந்து காய்ச்சும் ஆலை வேலை, கடன் கழியும்வரை தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்ற ஒப்பந்தம், ஓடினால் சிறை. 99 கதவு எண்ணி முடிப்பவர்கள் இதை எண்ணுவதில்லை.

கொலை நடந்தது 1948 ஜூன். ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் அந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 16ஆம் தேதி பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், உடனே அவசரகாலச் சட்டம் வந்தது. பன்னிரண்டு வருடம் நீடித்த அந்த அவசரகாலத்தில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், சிலர் தூக்குக்கே போனார்கள். அந்த மாதத்தின் பதற்றத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வீட்டின் கதை புரியும். பில்லி சூனியக்காரர்கள் வந்து குடியேறினார்கள் என்பதெல்லாம் பிற்காலத்து ஒட்டு.

வெளியே சாலையிலிருந்து பார்த்தாலே மனசு கனத்துவிடும். மலாய் வீட்டுப் பாணியும் ஐரோப்பியப் பாணியும் கலந்து அவ்வளவு அழகான வீடு, அது இப்படி இடிந்து விழுவதைப் பார்ப்பதுதான் எனக்குப் பேயைவிடக் கொடுமை.

#15 ஈப்போ வெள்ளைக்காப்பி

இருண்ட கதைதான் வேண்டும் என்றால் பாப்பானுக்குப் போங்கள், மதுரைக்காரரே. பத்து காஜாவுக்குப் பக்கத்தில், ஈயம் போனதும் ஆளும் போய்விட்ட ஊர். கடைவீதியில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, உள்ளே மரம் வளர்ந்து நிற்கிறது. அங்கே 74ஆம் எண் கடைவீடு சிபில் கார்த்திகேசுவின் மருந்தகம்.

அவர் ஒரு தாதி, மருத்துவச்சி. கணவர் இலங்கைத் தமிழர், டாக்டர். ஜப்பானியர் வந்தபோது ஈப்போவை விட்டு இங்கே வந்தார்கள். காட்டில் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் போராளிகளுக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார், மருந்து கொடுத்தார். வீட்டில் வானொலி வைத்து பிபிசி கேட்டார். 1943-இல் பிடித்துக்கொண்டு போய், கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் செய்யாத சித்திரவதை இல்லை. அவருடைய சின்ன மகளை அவர் கண் முன்னாலேயே தீக்கு மேல் தொங்கவிட்டு மிரட்டினார்கள். அப்போதும் ஒரு பெயரைச் சொல்லவில்லை. பத்து காஜா சிறையில் இருந்தார். போருக்குப் பிறகு பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. அடிபட்ட காயங்களிலிருந்து மீளாமலேயே 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். ஸ்காட்லாந்தில் லானர்க் என்ற ஊரில் புதைத்து, மறுவருடம் உடலை ஈப்போவுக்கே கொண்டுவந்தார்கள்.

#16 பால்மரக்காடு

இதற்கு வெள்ளைக்காப்பிக்கு ஒரு காப்பி என் கணக்கில்.

சேர்த்துக்கொள்ள ஒன்று. அதே ஜப்பானியர் காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயிலுக்கு, அதாவது சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்கு, ஓட்டிக்கொண்டு போனார்கள். நல்ல சம்பளம், அரிசி என்று சொல்லிக் கூட்டிப்போனதும் உண்டு, பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்றவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதும் உண்டு. காலராவில் விழுந்தவர்கள் திரும்பவில்லை. இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கிழவியிடம் பேச்சுக் கொடுத்தாலும் சயாமுக்குப் போன ஒரு அண்ணனோ மாமனோ இருப்பார்.

#17 மதுரைக்காரன்

சனிக்கிழமை காலை மாளிகை, கோயில். மதியத்துக்குப் பிறகு பாப்பான். ஞாயிறு ஈப்போ ஸ்டேஷனும் ஈயக் கப்பலும். இப்படி வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி, தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. என் பாட்டி வழியில் ஒரு கிளை பேராக்கில் ஏதோ ஒரு தோட்டத்துக்குப் போனது. கடிதம் வந்துகொண்டிருந்ததாம், பிறகு நின்றுவிட்டது. பெயர் தெரியும், ஊர் தெரியும், தோட்டத்தின் பெயர் தெரியாது. தேட வழி இருக்கிறதா?

#18 தண்டல் பேரன்

தோட்டத்தின் பெயர் இல்லாமல் கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. பழைய கடித உறை எங்காவது கிடக்கிறதா என்று முதலில் உங்கள் வீட்டுப் பரணில் பாருங்கள். முகவரியை விடத் தபால் முத்திரை முக்கியம். பத்து காஜா, கோப்பெங், தாப்பா என்று ஏதாவது ஊர்ப் பெயர் அதில் இருக்கும், அதை வைத்து வட்டாரத்தைச் சுருக்கிவிடலாம். பெரிய தோட்டங்கள் பலவும் கம்பெனி மாறி, துண்டு துண்டாகி, வீட்டுமனை ஆகிவிட்டன. கூலிப் பதிவேடுகளைக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அறையோடு கொளுத்திய இடங்களும் உண்டு.

கங்காணி யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஊரிலிருந்து கூட்டமாகத்தான் போயிருப்பார்கள், ஆகவே உங்கள் ஊரில் 'மலேயாக்காரர் வீடு' என்று பெயர் வாங்கிய குடும்பங்களை எல்லாம் விசாரியுங்கள். அவர்கள் எந்தத் தோட்டமோ, உங்கள் ஆளும் பெரும்பாலும் அங்கேதான்.

#19 பால்மரக்காடு

கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய பேராக் மாநிலச் செயலகக் கோப்புகள் அங்கே உண்டு. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றம் சம்பந்தப்பட்ட அரசாணைகள் கிடைக்கும். தனி ஆளின் பெயர் அவற்றில் அகப்படுவது அரிது, புகார் கொடுத்தவர், வழக்கில் மாட்டியவர் என்றால்தான் பெயரோடு வருவார். அமைதியாகப் பால் வெட்டிச் செத்தவருக்குக் கோப்பு கிடையாது.

தோட்டத்துக் கோயில்களில் உபயக்காரர் பெயர்களைக் கல்லிலோ பலகையிலோ எழுதி வைத்திருப்பார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கெல்லாஸ் மாரியம்மன் கோயிலுக்குத்தான் எப்படியும் போகிறீர்களே, பூசாரியிடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உச்சிக்கால பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மாளிகைக்கு முன்னால் கோயிலை வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் பாட்டியின் ஊர்ப் பெயரை இங்கே போடுங்கள், எங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன்.